ஆளுமைப் பாணிகளை அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் மனநல ஆலோசனைக்கு வருபவர்கள், அவர்களைக் கூட்டி வரும் குடும்பத்தார், உளவியல் படிக்கும் மாணவர்கள் ஆகியோர் ஆளுமைச் சோதனைகள் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வினாத்தாள் தரும் எண் ஒருவருடைய குணப்போக்கைக் காட்டும். அது கோளாறா இல்லையா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் சொல்லக் கூடாது.

குணம் எங்கே முடிகிறது, கோளாறு எங்கே தொடங்குகிறது?

ஒருவர் எதையும் நேர்த்தியாகச் செய்பவர், பட்டியல் போட்டு வேலை பார்ப்பவர், கடன் வாங்கப் பயப்படுபவர் என்று வைத்துக்கொள்வோம். இது கவனமான பாணி. கடைக்கும் வீட்டுக்கும் இதனால் நன்மைதான். அதே ஆள், தான் நினைத்த அளவுக்குச் சுத்தமாக வரவில்லை என்று எந்த வேலையையும் முடிக்காமல் போட்டு வைக்கிறார். யாரிடமும் ஒரு பொறுப்பையும் ஒப்படைக்க மாட்டேன் என்கிறார். பிள்ளைகள் அவர் இருக்கும் அறைக்குள் வரவே தயங்குகிறார்கள். இது வருடக்கணக்காக, வீட்டிலும் கடையிலும் சொந்தபந்தத்திலும் ஒரே மாதிரி நடக்கிறது. அப்போதுதான் கோளாறு என்ற பேச்சே எழ வேண்டும்.

பார்க்க வேண்டியவை மூன்று: நீண்டகாலமாக இருக்கிறதா, பல இடங்களிலும் வெளிப்படுகிறதா, அவருக்கோ கூட இருப்பவர்களுக்கோ உண்மையான பாதிப்பு உண்டா. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11, குறைந்தது 2 ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்கிறது. இரத்த அழுத்தத்தைப் போலத்தான் இதுவும்: அளவு எல்லோருக்கும் உண்டு, எந்த அளவில் கெடுதல் வருகிறது என்பதே கேள்வி.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பது ஆகியவை ஓ.சி.டி. என்ற வேறு நோயின் அறிகுறிகள். அந்த நோய் உள்ளவர் பெரும்பாலும் ‘இது தேவையில்லாத எண்ணம், விடமுடியவில்லையே’ என்று தவிப்பார். கறாரான ஆளுமை உள்ளவரோ ‘நான் செய்வதுதான் சரி, மற்றவர்களுக்குத்தான் ஒழுங்கு இல்லை’ என்பார்.

எத்தனை பாணிகள் இருக்கின்றன?

நீங்கள் எந்த முறையை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய்க் கையேடு, மூன்று தொகுதிகளில் 10 கோளாறுகளைச் சொல்கிறது. முதல் தொகுதியில் சந்தேகம், ஒதுங்கல், விசித்திர நம்பிக்கை; இரண்டாவதில் சமூக விரோதம், எல்லைநிலை (உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் ஊசலாடுவது), நாடகத்தன்மை, தற்பெருமை; மூன்றாவதில் தவிர்த்தல், சார்ந்திருத்தல், கறார்.

ஜெர்மனியில் கூல், கசேன் என்ற இருவர் உருவாக்கிய பி.எஸ்.எஸ்.ஐ. என்ற வினாத்தாள், ஒவ்வொரு கோளாற்றுக்கும் பக்கத்தில் அதன் சாதாரண வடிவத்தை வைக்கிறது. தற்பெருமைக் கோளாறு ஒரு முனை என்றால் லட்சிய வெறி அதன் இயல்பான முனை. சார்ந்திருத்தலுக்கு விசுவாசம், தவிர்த்தலுக்குத் தன்னையே குறைசொல்லிக்கொள்ளும் சுபாவம், ஒதுங்கலுக்கு அடக்கம். மொத்தம் 14 அளவுகோல்கள், ஒவ்வொன்றிலும் 10 வாக்கியங்கள், ஆக 140. எங்களுக்கு இந்த அணுகுமுறைதான் பிடித்தமானது. ‘உங்களுக்குக் கோளாறு’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். ‘நீங்கள் உறவுக்காக எதையும் விட்டுக்கொடுப்பவர் போலிருக்கிறதே, அதனால் எங்கே சிரமம் வருகிறது?’ என்றால் பேசுவார்.

ஐ.சி.டி.-11-இல் என்ன மாறியது?

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்த வகைப்பாடு, பழைய பெயர்ப்பட்டியலைக் கைவிட்டது. முதலில் கடுமையைக் கேட்கிறது: லேசானது, மிதமானது, கடுமையானது. கோளாறு என்று சொல்லும் அளவுக்கு இல்லாவிட்டால் ‘ஆளுமைச் சிரமம்’ என்று குறிக்கவும் இடம் உண்டு. அதன்பிறகு எந்தப் பண்பு தூக்கலாக இருக்கிறது என்று ஐந்தில் பார்க்கிறது: எதிர்மறை உணர்ச்சி, விலகல், பிறரைப் பொருட்படுத்தாமை, கட்டுப்பாடின்மை, அதீத ஒழுங்கு. எல்லைநிலை வடிவம் மட்டும் தனியே தக்கவைக்கப்பட்டது.

மாற்றத்துக்குக் காரணம் எளிது. டி.எஸ்.எம். போன்ற பெயர்ப்பட்டியல் முறையில் எல்லைநிலைக் கோளாற்றுக்கு 9 அடையாளங்களில் 5 இருந்தால் போதும். கணக்குப் போட்டால் 256 விதமான சேர்க்கைகளில் ஒருவர் அந்தப் பெயரைப் பெறலாம். ஒரே பெயர் வாங்கிய இரண்டு பேருக்கு ஒரே ஒரு அடையாளம் மட்டும் பொதுவாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

எந்தெந்தச் சோதனைகள் புழக்கத்தில் உள்ளன?

மிகச் சிறியது எஸ்.ஏ.பி.ஏ.எஸ். ‘ஆம்–இல்லை’ கேள்விகள் 8, இரண்டு நிமிடம் போதும். 3 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். பொதுவாக மற்றவர்களை நம்புவீர்களா என்ற கேள்விக்கு மட்டும் ‘இல்லை’ என்றால்தான் 1 மதிப்பெண். அவசரத்தில் கூட்டும்போது தவறு நடப்பது இங்கேதான்.

பி.ஐ.டி.-5 என்பது, பெயர்களுக்குப் பதில் பண்புகளின் அளவைப் பார்க்கும் டி.எஸ்.எம்.-5-இன் மாற்று முறைக்காகச் செய்யப்பட்டது. பெரிய வடிவத்தில் 220 வாக்கியங்கள், சுருக்க வடிவத்தில் 25. எம்.எம்.பி.ஐ. 1940-களில் தொடங்கியது, அதன் 1989 பதிப்பில் 567 வாக்கியங்கள், 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பில் 335. மில்லன் சோதனையின் நான்காம் பதிப்பில் 195. எம்.எம்.பி.ஐ.யையும் மில்லனையும் தகுதி பெற்றவர்கள் மட்டுமே விலைக்கு வாங்க முடியும். ஜெராக்ஸ் எடுத்துச் சுற்றில் விடுவது சட்டப்படியும் தவறு, கேள்விகள் வெளியே கசிந்தால் சோதனையும் பாழ்.

எஸ்.ஏ.பி.ஏ.எஸ். கேட்பவர் வாயால் கேட்டுக் குறிப்பது, மற்றவை ஆள் தானே நிரப்பும் தாள்கள். விரிவான நேர்காணல் முறைகள் வேறு: எஸ்.சி.ஐ.டி.-5-பி.டி., ஐ.பி.டி.ஈ. இரண்டிலும் ஒவ்வொரு அடையாளத்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பிடுவார்கள். ஐ.பி.டி.ஈ.யில் ஒரு நடத்தை குறைந்தது 5 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும், அந்தக் கோளாற்றின் ஓர் அடையாளமாவது 25 வயதுக்கு முன் தலைகாட்டியிருக்க வேண்டும். நேர்காணல் இல்லாமல் தாளை மட்டும் வைத்து எழுதப்படும் முடிவை ஏற்காதீர்கள்.

மதிப்பீடு எப்படி நடக்கும்? ஒரே நாளில் முடியுமா?

அவசரப்படுத்தாமல் செய்தால் இரண்டு மூன்று அமர்வுகள் ஆகும். முதலில் மருத்துவ வரலாறு: தூக்கம், மது, மாத்திரைகள், வலிப்பு, தலைக்காயம், தைராய்டு. இரண்டாவது, பள்ளிக்காலம் முதல் வேலை, திருமணம் வரையான வாழ்க்கை ஓட்டம். மூன்றாவது, வினாத்தாள். நான்காவது, அதிகம் வந்த இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டு நேர்காணல். ஐந்தாவது, அவர் சம்மதித்தால் நெருங்கிய ஒருவரிடம் தனியாகப் பேசுவது.

இந்த நான்காவது படிதான் உயிர்நாடி. ‘கடைசியாக இது எப்போது நடந்தது? அப்போது என்ன செய்தீர்கள்? அதற்கு முன்னால்? வேலை செய்யும் இடத்திலும் இப்படியா?’ என்று ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கேட்க வேண்டும். உதாரணம் சொல்ல முடியாத ‘ஆம்’ பெரும்பாலும் அந்த வாரத்து மனநிலையின் ‘ஆம்’தான்.

தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது வேண்டாம். குடும்பமே கூடி உட்கார்ந்து நிரப்பிக் கொண்டுவரும். அறையில் கூட வந்தவர் பக்கத்தில் இருந்தாலும் அதே கதைதான்: ‘உனக்குத்தான் கோபம் வருமே, ஆமான்னு போடு’ என்பார்.

கேள்விகளைத் தமிழில் கேட்டால் போதாதா? அதில் என்ன சிக்கல்?

சிக்கல் நிறைய இருக்கிறது, இங்கேதான் அதிகத் தவறும் நடக்கிறது.

முதலாவது, எதிர்மறை வாக்கியங்கள். ‘நான் யாரையும் எளிதில் நம்புவதில்லை’ என்று படித்துவிட்டு ‘சரியா, தவறா’ என்று கேட்டால், ‘இல்லைங்க, நம்ப மாட்டேன்’ என்பார் ஒருவர். அது ‘சரி’யா ‘தவறு’ஆ? கேட்பவர் ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டால் மதிப்பெண் தலைகீழாகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் பதிலை முழு வாக்கியமாகச் சொல்லவைத்துத்தான் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, மொழிநடை. புத்தகத் தமிழில் ‘வெறுமையுணர்வு’ என்று இருக்கும். உசிலம்பட்டியிலிருந்து வரும் ஒரு அம்மாவிடம் இதைக் கேட்டால் திகைப்பார். ‘உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி, சுரத்தே இல்லாம இருக்குமா? அது நாள்கணக்கில் இருக்குமா?’ என்றால் புரியும். ஆனால் கேட்பவர் ஒவ்வொரு முறையும் தன் மனம்போல மாற்றிக் கேட்டால், இரண்டு பேரின் மதிப்பெண்களை ஒப்பிட முடியாது. எனவே பேச்சுத்தமிழ் வடிவத்தையும் முன்கூட்டியே எழுதி, எல்லோரிடமும் அதையே வாசிக்க வேண்டும். முறையான தழுவலுக்கு ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்திய பின் சிலரிடம் வாசித்து ‘இதை என்னவென்று புரிந்துகொண்டீர்கள்?’ என்று கேட்க வேண்டும். அப்புறம்தான் நம்பகத்தன்மையை, அதாவது அளவு எவ்வளவு நிலையாக வருகிறது என்பதை, கணக்கிடும் வேலை.

மூன்றாவது, நான்கு படிநிலைப் பதில்கள். ‘ஓரளவு’, ‘பெரும்பாலும்’ என்ற வித்தியாசத்தை வாயால் சொல்லிப் புரியவைப்பது கடினம். தரையில் நான்கு அளவுக் குவளைகளை வைத்துக் காட்டினால் எழுத்தறியாதவர்களும் தடுமாறாமல் தொட்டுக் காட்டுவார்கள்.

நான்காவது, ஒப்பீட்டுக் கூட்டம். டி-மதிப்பெண் என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் சராசரியை 50 என்றும் அதன் பரவலை (திட்டவிலக்கத்தை) 10 என்றும் வைத்துப் போடுவது. அந்தக் கூட்டம் வேற்றுநாட்டில் எடுக்கப்பட்டது என்றால், மேலூர்க்காரருக்கு வரும் 66 என்பதற்கு அங்கே இருக்கும் அர்த்தம் இங்கே இருக்காது. ‘மற்றவர்களைக் கேட்காமல் முடிவெடுக்கத் தயங்குவேன்’ என்ற வகை வாக்கியத்துக்குக் கூட்டுக்குடும்பத்துக்குப் புதிதாக வந்த மருமகள் ‘ஆம்’ என்றால் அது சார்ந்திருத்தல் கோளாறு இல்லை. அந்த வீட்டில் அவர் வேறெப்படியும் இருக்க முடியாது.

சாமி வருகிறது, குறி சொல்கிறார், செய்வினை என்று நம்புகிறார். இதற்கு விசித்திர நம்பிக்கை அளவுகோலில் மதிப்பெண் போடலாமா?

அவர் வாழும் சமூகம் ஏற்றுக்கொண்ட நம்பிக்கை என்றால் போடக் கூடாது. டி.எஸ்.எம்.-இலேயே அந்த நிபந்தனை இருக்கிறது. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் அருள் வந்து ஆடுபவர், அருள் விலகியதும் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். ஊரும் அதைப் புரிந்துகொள்கிறது. கேட்க வேண்டியது இதுதான்: அவருடைய சொந்த ஊர்க்காரர்களுக்கே இது விநோதமாகத் தெரிகிறதா? சடங்குக்கு வெளியேயும் நடக்கிறதா? பேச்சும் உடையும் பழக்கமும் அந்நியமாகிவிட்டனவா? நெருங்கிய நட்பே இல்லாமல் போய்விட்டதா? இவற்றுக்கு ‘ஆம்’ என்றால் பார்க்க வேண்டும்.

‘அவருக்குச் சந்தேகப் புத்தி’ என்று கூட்டி வருகிறோம். சோதனை சொல்லுமா?

சந்தேகம் ஒரே சாமான் இல்லை. இளவயதிலிருந்தே பங்காளி, முதலாளி, அக்கம்பக்கம் என்று எல்லோரிடமும் உள்நோக்கம் தேடுபவர், அவமானத்தை மறக்காதவர் என்றால் ஆளுமை சார்ந்தது. நாற்பது வயதுவரை சாதாரணமாக இருந்தவர் திடீரென்று மனைவிக்குத் தொடர்பு இருக்கிறது என்று அசைக்க முடியாமல் நம்பி, போனைத் தேடி, பின்தொடர்ந்து, ஆதாரம் என்று எதையோ காட்டுகிறார் என்றால் அது மருட்சி நோயாக இருக்கலாம், நெடுநாள் குடியாலும் வரலாம். இரண்டாவது வகையில் வினாத்தாளை எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது. மனைவியின் பாதுகாப்பை அன்றைக்கே பார்க்க வேண்டும், மனநல மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும். முன்பகை, நிலத்தகராறு என்று நிஜமான காரணம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வழக்கு நடக்கும்போது எச்சரிக்கையாக இருப்பவரைச் சந்தேகப் பேர்வழி என்று எழுதிவிடக் கூடாது.

மதிப்பெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பி.ஐ.டி.-5 சுருக்க வடிவத்தை எடுத்துக்கொள்வோம். 25 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஐந்து பண்புகளுக்கு ஐந்தைந்து. ஒரு பண்பின் கூட்டுத்தொகையை 5-ஆல் வகுத்தால் 0-க்கும் 3-க்கும் இடையில் சராசரி கிடைக்கும். ஒரு பண்பில் ஒரே ஒரு கேள்வி விடுபட்டிருந்தால் சரிக்கட்டலாம்: நான்கு பதில்களின் கூட்டு 7 என்றால், 7 × 5 ÷ 4 = 8.75, முழுமையாக்கினால் 9, சராசரி 1.8. இரண்டு விடுபட்டால் அந்தப் பண்பைக் கணக்கிடவே கூடாது.

இனி பிழைவரம்பு. ஓர் அளவுகோலின் நம்பகத்தன்மை 0.80 என்றால், டி-மதிப்பெண்ணில் அளவீட்டுப் பிழை 10 × √0.20, அதாவது சுமார் 4.5. எனவே 62 வாங்கியவரின் உண்மையான நிலை ஏறக்குறைய 53-க்கும் 71-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். 62-க்கும் 66-க்கும் பெரிய வித்தியாசம் இருப்பதுபோல எழுதும் அறிக்கைகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த நாலு புள்ளியை வைத்து ஒருவருடைய வாழ்க்கையைப் பற்றி முடிவு செய்துவிடுகிறார்கள்.

கட்-ஆஃபுக்கு மேல் வந்துவிட்டது. அப்படியானால் கோளாறுதானே?

இல்லை. எஸ்.ஏ.பி.ஏ.எஸ். முதலில் 2003-இல் மனநல நோயாளிகளிடம் பரிசோதிக்கப்பட்டபோது, 3 என்ற கட்-ஆஃபில் கோளாறு உள்ளவர்களில் 94 சதவீதத்தைப் பிடித்தது, இல்லாதவர்களில் 85 சதவீதத்தைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது. இதே துல்லியத்தை, பத்தில் ஒருவருக்குக் கோளாறு இருக்கும் 1000 பேரிடம் பொருத்திப் பாருங்கள். கோளாறு உள்ள 100 பேரில் 94 பேர் சிக்குவார்கள். இல்லாத 900 பேரில் 135 பேரும் சிக்குவார்கள். மேலே வந்த 229 பேரில் நிஜமாகக் கோளாறு உள்ளவர்கள் 41 சதவீதம்தான். கல்லூரிகளில் மொத்தமாக வினாத்தாள் கொடுத்துப் பெயர்ப்பட்டியல் தயாரிப்பது ஏன் ஆபத்து என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

பொய்யாக நிரப்பினால் கண்டுபிடிக்க முடியுமா?

எம்.எம்.பி.ஐ.யில் அதற்கென்றே அளவுகோல்கள் உண்டு: தன்னை நல்லவராகக் காட்டுவது, அறிகுறிகளை மிகைப்படுத்துவது, படிக்காமல் குருட்டாம்போக்கில் குறிப்பது என ஒவ்வொன்றுக்கும். சுருக்க வடிவத் தாள்களில் இவை இல்லை. மிகைப்படுத்தியதாக வந்தால் உடனே பொய் என்று முடிவுகட்ட வேண்டாம். கேள்வி புரியாதவரும், கடும் துயரத்தில் இருப்பவரும் அதே மாதிரிதான் நிரப்புவார்கள்.

எப்போது சோதனை எடுக்கக் கூடாது?

கடும் மனச்சோர்வில் இருக்கும்போது எடுக்கக் கூடாது. அப்போது தவிர்த்தல், சார்ந்திருத்தல், எதிர்மறை உணர்ச்சி எல்லாமே ஏறித்தான் தெரியும். மனச்சோர்வு தணிந்த பிறகு எடுத்தால் அதே ஆள் வேறொரு ஆளாகத் தெரிவார். குடி நிறுத்திய முதல் சில வாரங்களும், தூக்கமே இல்லாத எழுச்சி நிலையும் (மேனியா) அப்படித்தான்.

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட பிறகு குணம் மாறியது என்றால் அதை ஆளுமைக் கோளாறு என்று அழைக்கக் கூடாது. நெற்றிப்பகுதி மூளையின் காயத்தால் ஆத்திரமும் அசிரத்தையும் வரும். விபத்துக்கு முன்னால் எப்படி இருந்தார் என்பதை வீட்டாரிடம் கேட்டு, நரம்பியல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மகனுக்கு 16 வயது. எடுக்கலாமா?

பெரும்பாலும் தேவையில்லை. அந்த வயதில் குணம் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது. டி.எஸ்.எம்.-5, 18 வயதுக்குக் கீழே என்றால் ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது. சமூக விரோத ஆளுமையை 18-க்கு முன் சொல்லவே கூடாது. கையைக் கீறிக்கொள்கிறான், படிப்பு நின்றுவிட்டது என்றால் அந்தப் பிரச்சினைக்கு இப்போதே சிகிச்சை தேடுங்கள். பெயர் வைப்பது பிறகு இருக்கட்டும்.

தாளில் தற்கொலை எண்ணம் பற்றிக் குறித்திருந்தால்?

மதிப்பெண் போடும் வரை காத்திருக்கக் கூடாது. தாளை வாங்கியவுடன் அந்தக் கேள்விகளை முதலில் பார்த்து, அவர் கிளம்புவதற்கு முன் நேரடியாகக் கேட்க வேண்டும்: திட்டம் இருக்கிறதா, பூச்சிமருந்து போன்ற வழி கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, மாநில அரசின் 104 ஆகிய எண்களில் தமிழில் பேசலாம்.

மாப்பிள்ளைக்கு எடுத்துத் தர முடியுமா? விவாகரத்து வழக்கில் காட்டலாமா?

சம்மந்தம் பேசுவதற்காக யாருக்கும் எடுக்கக் கூடாது. அதற்காக இந்தச் சோதனைகள் செய்யப்படவில்லை, நிரப்புபவரும் தன்னை நல்லவராகத்தான் காட்டுவார்.

வழக்கைப் பொறுத்தவரை, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 3ஆம் பிரிவு, ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிப்பது மட்டுமே அவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று ஆகிவிடாது என்கிறது. இந்து திருமணச் சட்ட வழக்கொன்றில் 1988-லேயே உச்ச நீதிமன்றம் நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் கடுமையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எதிர்த்தரப்பாரைப் பார்க்காமல், கணவனோ மனைவியோ சொன்னதை மட்டும் வைத்து எழுதும் ஆளுமை அறிக்கைக்கு மதிப்பே இல்லை. அப்படி எழுதித் தருபவரிடம் போகாதீர்கள்.

இணையத்தில் கிடைக்கும் சோதனைகள்?

பேச்சைத் தொடங்க உதவும். அதற்கு மேல் எதற்கும் இல்லை.

யாரிடம் போக வேண்டும்? மதுரையில் எங்கே?

மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ போங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நகரில் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கம் இருப்பவர்கள், மாவட்ட மனநலத் திட்டக் குழு தங்களுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று முதலில் விசாரித்துக்கொண்டால் வீண் அலைச்சல் இல்லை.

போகும்போது பழைய மருந்துச்சீட்டுகள், ஸ்கேன், இரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துச் செல்லுங்கள். படிக்கும் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து அரைகுறையாகப் படித்து நிரப்புபவர்கள் பலர், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தன் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது.

கோளாறு என்றே முடிவானால் மாறுமா? மறுபடி எப்போது அளக்கலாம்?

மாறும். ஆளுமைக் கோளாறுகள் கல்லில் எழுதியவை என்ற பழைய எண்ணம் நீண்டகால ஆய்வுகளில் நிற்கவில்லை. குறிப்பாக எல்லைநிலை உள்ளவர்களில் பெரும்பாலானோர் சில ஆண்டுகளில் அந்த வரையறைக்கு வெளியே வந்துவிடுகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹான் வகுத்த இயங்கியல் நடத்தைச் சிகிச்சை, உணர்ச்சி கொந்தளிக்கும் நேரத்தில் என்ன செய்வது என்பதைப் பயிற்சியாகவே கற்றுத் தருகிறது. கோளாற்றுக்கென்று தனி மாத்திரை கிடையாது. கூட இருக்கும் மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ மருந்து தருவார்கள்.

மாதம் ஒருமுறை அளப்பதில் பயனில்லை, பழைய பதில்கள் நினைவிலேயே இருக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, அதே வினாத்தாளின் அதே தமிழ் வடிவத்தில் எடுங்கள். எண் குறைந்திருக்கிறதா என்பதோடு, வேலையில் நிலைத்தாரா, சண்டைக்குப் பிறகு சமாதானம் ஆக எத்தனை நாள் ஆகிறது, வீட்டில் யாரோடு பேசுகிறார் என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.